சரிவை வெட்டுபவர் யார்?

மலேசியாவில் ஒரு கட்டுமானக் குத்தகையாளர் எவ்வளவு பெரிய வேலையை எடுக்கலாம் என்பதைச் சட்டம் ரிங்கிட்டில் அளந்து வைத்திருக்கிறது. ஜி1 என்றால் 200,000 ரிங்கிட் வரை. ஜி2 என்றால் 500,000, ஜி3 என்றால் 10 லட்சம். இப்படியே ஏறி ஜி7-க்குப் போனால் உச்சவரம்பே கிடையாது. சமவெளியில் இந்த அளவுகோல் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது. பணம் கூடினால் கட்டடம் பெரிதாகும், கட்டடம் பெரிதானால் பொறுப்பும் கூடும். கேமரன் மலைக்கு ஏறினால் இந்தக் கணக்கு உதைக்கிறது. தேயிலைத் தோட்டத்து லயத்தின் பின்பக்கம் சமையலறையை நாலடி நீட்ட வேண்டும் என்று மேட்டைச் செங்குத்தாக வெட்டும் வேலைக்கு ஒரு எக்ஸ்கவேட்டரும் இரண்டு நாளும் போதும், சில ஆயிரம் ரிங்கிட்டில் முடிந்துவிடும். அந்த வெட்டு பிசகினால், மேலே இருக்கும் மண் மொத்தமும் அந்த வீட்டில் தூங்குகிறவர்கள் மேல்தான் வந்து விழும். ஆகவே மலையில் குத்தகையாளர் பதிவு என்பது தலைமைக் குத்தகையாளரின் அலுவலகச் சுவரில் தொங்கும் சான்றிதழோடு முடிந்துவிடக் கூடாது. மண்ணில் கை வைக்கும் கடைசித் துணைக் குத்தகையாளர் வரை அது போய்ச் சேர வேண்டும். அங்கே தொகையைவிட அவருடைய தேர்ச்சியைத்தான் முதலில் கேட்க வேண்டும். சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. வழக்கத்தில்தான் இல்லை.

சட்டம் சொல்வதைப் பார்த்துவிடுவோம். 1994-ஆம் ஆண்டின் 520-ஆவது சட்டம்தான் மலேசியக் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தை, எல்லோரும் சிஐடிபி என்று சொல்லும் அமைப்பை, உருவாக்கியது. வாரியத்தில் பதிந்து காலாவதியாகாத சான்றிதழ் வைத்திருப்பவரைத் தவிர வேறு யாரும் கட்டுமான வேலையைச் செய்யவோ, செய்து தருவதாக ஒப்புக்கொள்ளவோ, தன்னைக் குத்தகையாளர் என்று காட்டிக்கொள்ளவோ கூடாது என்கிறது அதன் 25-ஆவது பிரிவு. மீறினால் அபராதம் குறைந்தது 10,000 ரிங்கிட், அதிகபட்சம் 100,000 ரிங்கிட். தலைமைக் குத்தகையாளருக்கு ஒரு நியாயம், துணைக் குத்தகையாளருக்கு ஒரு நியாயம் என்று அதில் இல்லை. வேலையை யார் செய்கிறாரோ, செய்து முடிப்பதாக யார் பொறுப்பேற்கிறாரோ அவர் குத்தகையாளர். 'கட்டுமான வேலை' என்பதற்குச் சட்டம் தரும் விளக்கமும் விரிவானது. கட்டடம், சாலை, வடிகால், பாலம் எல்லாம் அதில் அடக்கம். அவற்றுக்கு முன்னால் நடக்கும் நிலத் துப்புரவு, மண் பரிசோதனை, மண் அகற்றுதல், தோண்டுதல், அடித்தளம் போடுதல், எல்லாம் முடிந்தபின் நிலத்தைச் சீர்படுத்துதல் வரைக்கும் அதில் வந்துவிடும். மேட்டை வெட்டிக் கொடுப்பதாக வேலையையே பேசி எடுத்தவர், "நான் மெஷின்தானே அனுப்பினேன்" என்று பிறகு கைகழுவுவது எளிதல்ல.

பதிவுக்கு என்ன வேண்டும் என்பதும் பலர் நினைப்பது போல மலையைப் புரட்டும் வேலை அல்ல. தொழிலை நிறுவனப் பதிவகத்தில் பதிந்திருக்க வேண்டும். ஜி1-க்குக் காட்ட வேண்டிய மூலதனம் 5,000 ரிங்கிட், ஜி2-க்கு 25,000, ஜி3-க்கு 50,000, ஜி7-க்கு 750,000. படிநிலைக்கு ஏற்றபடி தொழில்நுட்பத் தகுதி உள்ள ஆள் இருக்க வேண்டும். வேலைத்தளத்தில் கால் வைக்கும் ஒவ்வொரு தொழிலாளியும் ஒரு நாள் பாதுகாப்புப் பயிற்சிக்குப் போய், 'பச்சை அட்டை' என்று இன்றும் அழைக்கப்படும் பணியாளர் அட்டையை வாங்கியிருக்க வேண்டும். சான்றிதழைக் கையில் வாங்கினால் பெரும்பாலோர் பார்ப்பது 'ஜி' என்ற எழுத்துக்குப் பக்கத்திலுள்ள எண்ணை மட்டும்தான். அதன் கீழே இருப்பதுதான் மலைக்கு முக்கியம். கட்டட வேலையா, சிவில் பொறியியலா, இயந்திர மின் வேலையா என்ற பிரிவு, அந்தப் பிரிவுக்குள் எந்தத் தேர்ச்சி என்ற குறியீடு, சான்றிதழ் முடியும் தேதி ஆகியவை அங்கேதான் இருக்கின்றன. பி04 என்றால் பொதுக் கட்டட வேலை, சிஇ21 என்றால் பொது சிவில் வேலை. சரிவுப் பாதுகாப்பு, மண் பரிசோதனை, அடித்தளத் தூண் இறக்குதல் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறியீடுகள் உண்டு. பி04 மட்டும் வைத்திருப்பவர் நல்ல கொத்தனாராகவே இருக்கலாம். அவரிடம் இருபதடி மேட்டை ஒப்படைப்பது வேறு சங்கதி.

தகுதியின் எல்லையைத் தாண்டி வேலை செய்தால் என்ன நடக்கும் என்பதை மலேசியா ஒருமுறை மிகப் பெரிய விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது. 1993 டிசம்பர் 11 அன்று உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் இறந்தார்கள். 2000-இல் உயர் நீதிமன்றம் அந்த வழக்கில் அளித்த தீர்ப்பைக் கட்டுமானத் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் வாசிக்க வேண்டும். பன்னிரண்டு மாடிக் கட்டடத்துக்குக் கட்டடக் கலைஞராக நின்றவர், சிறிய கட்டடங்களுக்கு மட்டும் அனுமதி பெற்ற வரைவாளர் என்பது அதில் வெளிவந்தது. பின்னாலிருந்த சரிவின் தடுப்புச் சுவர்கள் தன் பொறுப்பில் வராது, அதை வேறொருவர் பார்த்துக்கொள்கிறார் என்று பொறியாளர் சொன்ன வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. தன் கட்டடம் நிற்பதே அந்தச் சரிவை நம்பி என்றால், அந்தச் சுவரை யார் கட்டினார், எப்படிக் கட்டினார் என்று அவர் கேட்டிருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். கட்டடம் சரிந்து ஓராண்டு நிறையும் முன், 1994 டிசம்பர் 1 அன்று, சிஐடிபி செயல்படத் தொடங்கியது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால் 520-ஆவது சட்டத்தை வெறும் வியாபாரப் பதிவுச் சட்டமாகப் பார்க்கிறவர்கள் இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. 2011-இல் வந்த திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. வேலையின் பாதுகாப்பைக் குத்தகையாளரின் சட்டக் கடமையாக்கியது. அந்தக் கடமை தவறி உயிர் போனால் 500,000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை.

கேமரன் மலைக்கு இது எந்த அளவு பொருந்தும்? 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் இங்கே போ தோட்டத்தைத் தொடங்கியபோது, செங்குத்தான காட்டைத் தேயிலைச் சரிவாக மாற்றியது தென்னிந்தியத் தொழிலாளரின் கைதான். 1933-இல் பாரத் தோட்டம் வந்தது. தேயிலைச் செடி சரிவை ஓரளவு பிடித்துக்கொள்ளும். பிரச்சினை செடி இல்லாத இடத்தில்தான்: லயங்கள், தொழிற்சாலை, பள்ளி, கோவில், சாலை, அவற்றுக்காக வெட்டிச் சமப்படுத்திய மேடுகள். ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. 1961 மே மாதம் ரிங்லெட்டில் மண் சரிந்து 16 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 26 விடியுமுன் கம்போங் ராஜா பக்கம் புளூ வேலியில் மண் சரிந்து தொழிலாளர் குடியிருப்பின் மேல் விழுந்தது. மியன்மாரைச் சேர்ந்த ஐவர் மடிந்தார்கள். இடையில் ஏறக்குறைய 63 ஆண்டுகள். முன்பு தமிழ்த் தொழிலாளி படுத்த இடத்தில் இன்று வங்காளதேசத்தவரும் நேப்பாளியும் மியன்மார்காரரும் படுக்கிறார்கள். சரிவின் கீழே வீடு என்ற நிலை மட்டும் மாறவில்லை. அதே மலையில், சுங்கை பாலாஸில், சரிவுக்கு வெளியே அந்தரத்தில் நீட்டிக் கட்டிய தேநீர் மையமும் இருக்கிறது. சுற்றுப்பயணிகள் அதில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். இந்த மலையில் பாதுகாப்பாகக் கட்ட முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். அப்படிக் கட்டக் கட்டடக் கலைஞரும் பொறியாளரும் உரிய குத்தகையாளரும் வேண்டும் என்பதையும் அது காட்டுகிறது. லயத்தின் பின்சுவருக்கு மட்டும் இவர்கள் எவரும் வேண்டாம் என்று நாம் எப்போது முடிவு செய்தோம்?

வேலை கை மாறும் விதத்தைப் பார்த்தால் சிக்கல் எங்கே என்று புரியும். ஒரு கற்பனைக் கணக்கு வைத்துக்கொள்வோம். ஒரு தோட்டத்தில் ஒரு வரிசை வீடுகளுக்குக் கூரை மாற்றி, வடிகால் போட்டு, பின்னால் தடுப்புச் சுவர் கட்டுவதற்கு 180,000 ரிங்கிட் ஒதுக்குகிறார்கள். ஜி1 வரம்புக்குள் வருகிறது, பதிவுள்ள குத்தகையாளர் ஒருவர் எடுக்கிறார். இதுவரை எல்லாம் ஒழுங்கு. அவர் கூரை வேலையை ஒருவரிடமும், மேடு வெட்டுவதை எக்ஸ்கவேட்டர் வைத்திருக்கும் இன்னொருவரிடமும், சுவரை ஒரு கொத்தனார் குழுவிடமும் வாய்ப்பேச்சில் விடுகிறார். கொத்தனார் தன் பங்குக்குச் செங்கல் அடுக்கும் வேலையைச் சதுர அடிக் கணக்கில் நாலு பேரிடம் விடுகிறார். காகிதத்தில் இருப்பது ஒரே பெயர். மண்ணில் கை வைத்தவர்களில் ஒருவர் பெயரும் எங்கும் இல்லை. ஒவ்வொரு கையும் தன் லாபத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கீழே தள்ளுகிறது. கடைசிக் கைக்கு வரும்போது கம்பிக்கும் சிமெண்டுக்கும் எவ்வளவு மிஞ்சும் என்று ஊகிக்கக் கட்டடக்கலை படித்திருக்க வேண்டியதில்லை. 500,000 ரிங்கிட்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தத்துக்குத்தான் வாரியம் 0.125 விழுக்காடு லெவி வாங்குகிறது. இது போன்ற தோட்டத்து வேலைகள் அந்தக் கோட்டுக்குக் கீழேயே கிடக்கின்றன. வரி இல்லாத இடத்தில் அதிகாரியின் கண் அதிகம் படாது என்பது என் கணிப்பு.

தடுப்புச் சுவரையே எடுத்துக்கொள்வோம். கட்டி முடித்துச் சாந்து பூசிவிட்டால் நல்ல சுவரும் கெட்ட சுவரும் ஒன்றுபோலத்தான் தெரியும். வித்தியாசம் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் இருக்கிறது. நல்ல சுவருக்குப் பின்னால் கல்லும் சரளையும் நிரப்பி, மழைநீர் கீழே இறங்க வழி விட்டிருப்பார்கள். சுவரில் வரிசையாகத் துளை விட்டு, அந்தத் தண்ணீர் வெளியேறக் குழாய் வைத்திருப்பார்கள். மேட்டின் உச்சியில் ஒரு வடிகால் வெட்டி, மழை சரிவுக்குள் இறங்குமுன் அதைத் திசைதிருப்பியிருப்பார்கள். அடித்தளம் வெட்டிப் போட்ட இளமண்ணில் இல்லாமல் கெட்டி மண்ணில் போய் உட்கார்ந்திருக்கும். காசு குறையும்போது முதலில் காணாமல் போவது சரளையும் குழாயும்தான். வெட்டிய மண்ணையே திரும்பச் சுவருக்குப் பின்னால் தள்ளி மூடிவிட்டால் கேட்பாரில்லை. வெயில் காலத்தில் அந்தச் சுவர் கம்பீரமாக நிற்கும். நவம்பர் மழையில் பின்னால் தண்ணீர் தேங்கி, மண்ணின் எடையோடு தண்ணீரின் எடையும் சேர்ந்து தள்ளும்போதுதான் அது வயிறு முன்தள்ளும், விரிசல் விடும். இதை யார் கட்டினார் என்று அப்போது கேட்டால், மூன்றாவது கைக்கு அப்பால் பதில் கிடைக்காது. பதிவு என்பதன் முதல் பயன் இதுதான்: அந்தக் கேள்விக்கு ஒரு பெயரும் முகவரியும் கிடைக்க வேண்டும்.

உயிர் ஒரு பக்கம் இருக்கட்டும், கூலியையும் கேட்க வேண்டியிருக்கிறது. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 33-ஆவது பிரிவின்படி, துணைக் குத்தகையாளர் சம்பளம் தராவிட்டால் மேலே இருப்பவரும் பொறுப்பு. ஆனால் அதில் ஒரு விதிவிலக்கு உண்டு. கட்டடம் கட்டும் ஒப்பந்தத்தில், வேலையைக் கொடுத்தவர் தாமே கட்டட நிறுவனமோ வீடமைப்பு நிறுவனமோ இல்லையென்றால் அவரைச் சம்பளத்துக்குப் பிடிக்க முடியாது. தேயிலைத் தோட்டம் கட்டட நிறுவனம் அல்ல. ஆகவே லயம் கட்டிய கொத்தனாரின் ஆட்களுக்குக் கூலி பாக்கி நின்றால் அவர்கள் தோட்டத்தின் கதவைத் தட்டிப் பலனில்லை, தலைமைக் குத்தகையாளரைத்தான் தேட வேண்டும். அதுவும் கூலி தர வேண்டிய நாளிலிருந்து 90 நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும், மூன்று மாதக் கூலிக்கு மேல் கேட்க முடியாது. துணைக் குத்தகையாளரே ஏமாந்தால்? அவருக்காக 2012-ஆம் ஆண்டுக் கட்டுமானக் கட்டணச் சட்டம் 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பில் இருக்கிறது. "எனக்கு மேலிடத்திலிருந்து பணம் வந்தால்தான் உனக்குத் தருவேன்" என்ற பழைய சாக்கு அந்தச் சட்டப்படி செல்லாது. நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் அலையாமல் நடுவரிடம் விரைவாகத் தீர்வு கேட்கலாம். முக்கிய நிபந்தனை, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சுக் குத்தகைக்கு அந்தக் கதவு திறக்காது. பதிவும் இல்லாமல் எழுத்தும் இல்லாமல் வேலை எடுத்த கொத்தனார் பணம் கேட்டு வழக்குக்குப் போனால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் எடுத்து வீசுவது 25-ஆவது பிரிவைத்தான். குற்றமாகச் செய்த வேலைக்குக் கூலி கேட்கிறார் என்பார். பதிவு செய்யாமல் இருப்பதில் சிறிய குத்தகையாளருக்கு மிச்சம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கட்டும்.

பதிவை எதிர்ப்பவர்களின் வாதங்களில் ஒன்றுக்கு வரலாற்று பலம் இருக்கிறது, அதை லேசாகத் தள்ள முடியாது. தோட்டத் தமிழருக்கு உரிமம் பெற்ற இடைத்தரகர் புதியவர் அல்ல. கங்காணிக்கு அந்தக் காலத்திலேயே அரசு உரிமச் சீட்டு இருந்தது. ஆள் சேர்க்க அவர் ஊருக்குப் போனபோது அந்தச் சீட்டோடுதான் போனார். வேலைக்கு வந்த ஒவ்வொரு ஆளுக்கும் தலைக்காசு வாங்கினார். சீட்டு கங்காணிக்கு அதிகாரம் கொடுத்தது, தொழிலாளிக்கு எதையும் கொடுக்கவில்லை. 1938-இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதைத் தடுத்தபோதுதான் அந்த ஏற்பாடு ஓய்ந்தது. 2012-இல் வேலைவாய்ப்புச் சட்டத்தில் 33ஏ பிரிவு சேர்ந்து, ஆள் வழங்கும் குத்தகையாளர் தொழிலாளர் தலைமை இயக்குநரிடம் பதிய வேண்டும் என்று வந்தபோது, மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் எதிர்த்ததற்கும் காரணம் இந்த அச்சம்தான். பதிவு என்ற பெயரில் தரகருக்கு நாற்காலி போட்டுக் கொடுக்கிறீர்கள் என்றார்கள். இடைத்தரகரை மட்டும் பதியும் சட்டம் இடைத்தரகருக்குத்தான் உதவும், இது உண்மை. அதிலிருந்து நான் எடுக்கும் முடிவு வேறு. பதிவை நிறுத்துவதால் தரகர் காணாமல் போவதில்லை, கீழே இருப்பவர்தான் காணாமல் போகிறார். கீழ்ப்படி வரை பதிந்தால் நடுவில் நின்று வெறுமனே கை மாற்றுகிறவருக்கு இடம் குறையும். 520-ஆவது சட்டம் குத்தகையாளரோடு நிற்காமல் தொழிலாளியையும் அட்டையோடு பதியச் சொல்வது கங்காணிச் சீட்டிலிருந்து அதை வேறுபடுத்துகிறது.

இரண்டாவது வாதம், சின்ன வேலைக்கு இவ்வளவு சடங்கு எதற்கு என்பது. ஜப்பானில் 50 லட்சம் யென்னுக்குக் குறைந்த சிறு வேலைகளுக்குக் கட்டுமான அனுமதி தேவையில்லை. மலேசியச் சட்டத்திலும் அப்படி ஒரு விலக்கு இருந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கழிப்பறைக்கு ஓடு பதிக்கும் வேலைக்கு நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் தொகையை வைத்து விலக்குக் கொடுத்தால் மேடு வெட்டும் வேலைதான் முதலில் நழுவும், அது மலிவு என்பதால். பெரிய வேலையைத் துண்டு துண்டாக உடைத்து வரம்புக்குக் கீழே இறக்கும் வித்தையும் எல்லோருக்கும் தெரியும். ஹாங்காங் வேறு வழி கண்டது. 2010 டிசம்பர் 31 முதல் அங்கே சிறு வேலைகளை ஆபத்தின் அளவுப்படி மூன்று வகுப்பாகப் பிரித்தார்கள். மிக எளிய மூன்றாம் வகுப்பு வேலைக்கு நிறுவனம் கூட வேண்டாம், கைத்தொழிலாளியே தன் பெயரில் பதிந்துகொள்ளலாம். இலங்கையில் அளவுகோல் பணத்தை விட்டு மண்ணுக்கே போய்விட்டது. மலையக மாவட்டங்களில் மண்சரிவு ஆபத்துள்ள இடத்தில் கட்ட வேண்டுமானால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அந்த விதி இருந்தும் 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தேயிலைத் தோட்ட லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். பழைய லயத்தில் குடியிருந்தவர்களுக்கு மாற்று வீடு கட்டாமல் விதி மட்டும் எழுதி வைத்ததன் விளைவு அது. நம் மலைக்கு இரண்டிலிருந்தும் எடுத்துக்கொள்ள இருக்கிறது. ஹாங்காங்கைப் போலத் தனிக் கொத்தனாரும் ஏறக்கூடிய கீழ்ப்படி ஒன்று வேண்டும். மேடு வெட்டும் வேலை எவ்வளவு சிறிய தொகையானாலும் சரிவுத் தேர்ச்சிக் குறியீடு இல்லாதவர் கைக்குப் போகக் கூடாது என்ற கோடும் வேண்டும்.

பதிவுள்ள நிறுவனங்கள் கட்டியதும் விழுகிறதே என்பது மூன்றாவது. விழுகிறது. 2017 அக்டோபரில் பினாங்கு தஞ்சோங் பூங்காவில் கட்டுமானத் தளத்திலேயே மண் சரிந்து 11 பேர் இறந்தார்கள். பதிவு ஒரு சுவரையும் தாங்கிப் பிடிக்காது. மருத்துவர் பதிவு இருந்தும் தவறான சிகிச்சை நடக்கிறது, அதற்காகப் பதிவில்லாதவரிடம் அறுவை சிகிச்சைக்குப் போகிறோமா? விபத்துக்குப் பின் விசாரிக்க ஆள் இருப்பதும், அடுத்த வேலை கிடைக்காமல் சான்றிதழைப் பறிக்க முடிவதும் பதிவால்தான் சாத்தியம். இதைவிடக் கூர்மையான புகார், உரிமம் வாடகைக்கு விடுவது. 'அலி பாபா' என்று நாடே அறிந்த வழக்கம். சான்றிதழ் ஒருவருடையது, வேலை இன்னொருவருடையது, மாதம் பிறந்தால் ஒரு தொகை. இந்த வழக்கத்துக்கு மருந்து பதிவைத் தளர்த்துவது அல்ல. வாடகைக்கு எடுப்பவர் யார்? கையில் தொழில் இருந்தும் காகிதம் இல்லாதவர். அவர் தன் பெயரிலேயே பதிய முடிந்தால் வாடகை கொடுப்பானேன்?

அங்கேதான் உண்மையான தடை இருக்கிறது, அதைச் சொல்லாமல் பதிவு பதிவு என்று முழங்குவது நேர்மையல்ல. பகாங் மாநில அலுவலகம் குவாந்தானில். தானா ராத்தாவிலிருந்து அங்கே போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். இணையத்தில் பதியலாம் என்கிறார்கள். படிவம் மலாயில், கேட்கும் ஆவணங்கள் ஒரு கணக்கர் வைத்திருக்கக்கூடியவை. தோட்டத்திலேயே பிறந்து, தகப்பனிடம் கரண்டி பிடிக்கக் கற்று, முப்பது ஆண்டு சுவர் கட்டியவரின் கையில் சான்றிதழ் எதுவும் இருக்காது. அவருடைய அனுபவத்தைச் சோதித்துத் திறன் சான்று தரும் ஏற்பாடு வாரியத்திடம் உண்டு. அதை மலைக்கு ஏற்றி வர வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை ரிங்லெட்டிலோ பிரிஞ்சாங்கிலோ நடமாடும் முகப்பு ஒன்று வைத்து, அங்கேயே திறன் சோதனையும் பச்சை அட்டைப் பயிற்சியும் நடத்தி, தொழிலாளருக்குப் புரியும் மொழியில் சொல்லிக் கொடுத்தால், மூன்றாவது கையில் இருப்பவர்களில் பாதிப் பேராவது முதல் கையாக வருவார்கள் என்றே நினைக்கிறேன். பதிந்தபின் கிடைப்பதும் கொஞ்சமல்ல. அரசுக் கொள்முதல் சான்றிதழையும் சேர்த்து வாங்கினால், சிறிய அரசு வேலைகளுக்கு ஜி1 குத்தகையாளர்களிடையே நடக்கும் குலுக்கலில் பெயர் போடலாம். பள்ளிகளின் பழுதுபார்ப்பு வேலைகள் அந்த வழியாகவே போகின்றன. மலையிலுள்ள தமிழ்ப்பள்ளிக்குச் சுவர் கட்ட வெளியூர் ஜி1 வந்து, உள்ளூர்க் கொத்தனாருக்கே பாதிக் கூலிக்குத் துணைக் குத்தகை விட்டுப் போவதற்குப் பதில், உள்ளூர்க்காரரே எடுக்கலாம்.

காய்கறித் தோட்டங்களில் தொழிலாளர்களே தகரமும் பலகையும் அடித்து எழுப்பும் கொங்சி வீடுகளுக்குக் குத்தகையாளரே இல்லை, அவற்றைப் பதிவு எப்படிக் காப்பாற்றும் என்று கேட்கலாம். காப்பாற்றாது. அது தொழிலாளர் வீடமைப்புச் சட்டமான 446-இன் வேலை. 2019 திருத்தத்துக்குப் பின் தொழிலாளரைத் தங்கவைக்கும் முதலாளி தொழிலாளர் இலாகாவிடம் தங்குமிடச் சான்றிதழ் வாங்க வேண்டும். அந்தச் சான்றிதழைக் கொடுக்குமுன், இதைக் கட்டியது யார், பின்னாலிருக்கும் மேட்டை வெட்டியது யார், அவர்களின் பதிவு எண் என்ன என்ற மூன்று கேள்விகளை அதிகாரி சேர்த்துக் கேட்டால் இரண்டு சட்டங்களும் ஒன்றையொன்று தாங்கும். இன்று அவை இரண்டும் இரண்டு அலுவலகங்களில், இரண்டு கோப்புகளில் கிடக்கின்றன. 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த வேலையிடப் பாதுகாப்புச் சட்டத் திருத்தமும் வேலை கொடுப்பவர், வேலை நடக்கும் விதத்தைத் தாமே சொல்லிச் செய்விக்கும்போது, தம் குத்தகையாளர், துணைக் குத்தகையாளர், அவர்களின் ஆட்கள் எல்லோர் பாதுகாப்புக்கும் கடமைப்பட்டவர் என்கிறது. "நான் குத்தகைக்கு விட்டுவிட்டேன், இனி எனக்குத் தெரியாது" என்று தோட்ட நிர்வாகம் எளிதாகச் சொல்லக்கூடிய காலம் அதோடு முடிந்தது.

ஆகவே வாரியத்துக்கு ஒரு வேண்டுகோள்: முகப்பை மலைக்குக் கொண்டு வாருங்கள். தோட்ட மேலாளர்கள், பள்ளி வாரியத்தினர், கோவில் நிர்வாகக் குழுவினர் ஆகியோருக்கு இன்னொன்று. அடுத்த முறை ஒரு சுவரோ வடிகாலோ மேடு வெட்டுவதோ குத்தகைக்கு விடும்போது, எந்தெந்தத் துணைக் குத்தகையாளர் எந்த வேலையைச் செய்வார் என்ற பட்டியலை ஒப்பந்தத்தோடு எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பதிவு எண், தேர்ச்சிக் குறியீடு, முடியும் தேதி இருக்க வேண்டும். பட்டியலில் இல்லாதவர் தளத்தில் நின்றால் வேலையை நிறுத்துங்கள். சுவரின் பின்பக்கம் மண் மூடுமுன் ஒருமுறை போய்ப் பாருங்கள், படம் எடுத்துக் கோப்பில் வையுங்கள். ஒரு குத்தகையாளரின் பதிவு இன்னும் செல்லுபடியாகிறதா என்பதைச் சிஐடிபி இணையத்தளத்தில் யார் வேண்டுமானாலும் பெயரைத் தட்டித் தேடிப் பார்க்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை.